திம்யாத்தில் ஒரு வசனம், இரு பொருள்

மத்தேயு எழுதியதாகக் கிறிஸ்தவர்கள் கொள்ளும் நற்செய்தி நூலின் 16-ஆம் அதிகாரத்தில் ஓர் அழைப்பு இடம்பெறுகிறது. தம்மைப் பின்பற்ற விரும்புகிறவர் தன்னலத்தைத் துறந்து, தம் சிலுவையைச் சுமந்துகொண்டு பின்னே வரவேண்டும் என ஈசா (அலை) அவர்கள் தம் சீடரிடம் கூறியதாக அந்நூல் தெரிவிக்கிறது. அன்று முதல் இன்று வரை, மனிதன் மீட்படைவது எவ்வாறு, சீடனாக வாழ்வது எவ்வாறு என்னும் இரு வினாக்களையும் கிறிஸ்தவ அறிஞர்கள் இணைத்துப் பேசும் இடங்களிலெல்லாம் இவ்வழைப்பு முன்வைக்கப்பட்டு வந்துள்ளது. இந்த ஒரே வசனம் கி.பி. 1219-இல், ஹிஜ்ரி 616-இல், எகிப்தின் திம்யாத் நகருக்கு முன்னால் ஒரு பெரும் படையைக் கொண்டு வந்து நிறுத்தியது. அந்தப் படையிலிருந்து விலகி, வெறுங்கையுடன் முஸ்லிம் பாசறையை நோக்கி நடந்த ஒருவரையும் அதுவே அங்கே கொண்டு வந்து சேர்த்தது. சொல் ஒன்று, அதற்குக் கண்ட பொருள் இரண்டு. அவ்விரண்டும் எவ்வாறு பிறந்தன, பின்னர் அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்பதையே நாம் இங்கே ஆராய முற்படுகிறோம்.

மீட்பு பற்றிய கிறிஸ்தவக் கொள்கையை நம் எழுத்தாளர்கள் பெரும்பாலும் இரண்டு வரிகளில் முடித்துவிடுவது வழக்கம். ஆதம் (அலை) அவர்களின் பிழை மனித குலம் முழுவதையும் பற்றியது, சிலுவை மரணம் அதற்கு ஈடாயிற்று என்பர். ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்க மாட்டார் என்ற குர்ஆனியக் கோட்பாட்டைக் கூறி அத்துடன் நிறுத்திக்கொள்வர். கொள்கை அளவில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு அதுதான்; அதில் ஐயமில்லை. ஆயினும் இடைக்கால ஐரோப்பாவில் வாழ்ந்த ஒரு சாதாரணக் கிறிஸ்தவனின் உறக்கத்தைக் கெடுத்த கேள்வி அதுவன்று. ஞானஸ்நானம் பெற்ற பின்னரும் தான் நாள்தோறும் செய்யும் பாவங்களின் கதி என்ன என்பதே அவன் கவலை. குருவானவரிடம் பாவ அறிக்கை செய்தால் குற்றம் மன்னிக்கப்படும். ஆனால் குற்றத்துக்குரிய தண்டனை மிஞ்சி நிற்கும் என்று திருச்சபை கற்பித்தது. அதனை நோன்பாலும் தானத்தாலும் நெடும் பயணத்தாலும் இவ்வுலகிலேயே தீர்க்கவேண்டும். எஞ்சியதைத் தமிழ்க் கத்தோலிக்கர் உத்தரிக்கிற ஸ்தலம் என்று அழைக்கும் இடத்தில் மரணத்துக்குப் பின் அனுபவித்தே ஆகவேண்டும். தவ்பாவையும் கஃப்பாராவையும் அறிந்த நம் வாசகர்களுக்கு இந்தக் கவலை முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது.

இந்தக் கவலைக்குத்தான் 1095 நவம்பரில், பிரான்சின் கிளெர்மோன்ட் நகரில் கூடிய சபையில், போப் இரண்டாம் அர்பன் ஒரு புதிய மருந்தை வழங்கினார். புகழையும் பொருளையும் நாடாது, பக்தி ஒன்றையே கருதி ஜெருசலேமை விடுவிக்கப் புறப்படுகிறவருக்கு அந்தப் பயணமே எல்லாத் தவங்களுக்கும் ஈடாகக் கருதப்படும் என்பது அச்சபையின் தீர்மானம். நிய்யத்தைப் பற்றிய அந்த நிபந்தனை கவனிக்கத்தக்கது. ஏட்டளவிலேனும் அது அங்கே இருந்தது. புறப்பட்டவர்கள் துணியாலான சிலுவையைத் தம் ஆடையில் தைத்துக்கொண்டனர். சிலுவையைச் சுமப்பது என்ற உருவகம் இவ்வாறு தோளில் தைத்த துணியாக மாறிற்று. முதற் சிலுவைப் போரில் நேரில் கலந்துகொண்ட, பெயர் தெரியாத ஒருவர் லத்தீனில் எழுதிய பிரபலமான வரலாறு, மேலே நாம் கூறிய மத்தேயு வசனத்தை முன்னிறுத்தியே தொடங்குகிறது. அந்த வசனம் சுட்டிய காலம் வந்துவிட்டது என்று அவ்வாசிரியர் கருதினார். 1099 ஜூலை 15 அன்று ஜெருசலேம் வீழ்ந்தபோது அங்கு நிகழ்ந்த படுகொலையை நம் வாசகர்கள் அறிவார்கள்.

1187-இல் சுல்தான் ஸலாஹுத்தீன் அந்நகரை மீட்டார். அதன் பின்னர் ஐரோப்பாவில் எழுந்த முயற்சிகளுள் நாம் கருதவேண்டியது போப் மூன்றாம் இன்னொசென்ட் 1213-இல் விடுத்த அழைப்பு. அவரும் அதே வசனத்தையே எடுத்தாண்டார். வெளிப்படுத்தல் நூலில் வரும் 666 என்ற எண்ணைக் காட்டி, இஸ்லாத்துக்கு விதிக்கப்பட்ட ஆண்டுகளில் ஏறத்தாழ 600 கழிந்துவிட்டன, முடிவு நெருங்கிவிட்டது என்றும் எழுதினார். ஆனால் வரலாற்றின் போக்கை மாற்றியது இந்தக் கணக்கன்று. தாம் செல்ல இயலாதவர் தம் செலவில் வேறொருவரை அனுப்பினாலும் முழுப் பலனும் கிட்டும், போக நேர்ந்துகொண்டவர் தம் நேர்ச்சையைப் பணமாகவும் செலுத்தித் தீர்க்கலாம் என்று அவ்வழைப்பு வாயிலைத் திறந்துவிட்டது. தமிழ்க் கத்தோலிக்கர் ‘பரிபூரண பலன்’ என்று வழங்கும் அந்தத் தண்டனை நீக்கம், போர்க்களத்தை எட்டிப்பார்க்காதவருக்கும் கிட்டும் ஒன்றாயிற்று. 1215-இல் ரோமாபுரியில் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் இதனை உறுதிசெய்தது. கிறிஸ்தவ நாடுகளில் வாழும் யூதரும் முஸ்லிம்களும் தம் உடையாலேயே வேறுபடுத்தி அறியப்படவேண்டும் என்ற ஆணையும் அதே சங்கத்தில்தான் பிறந்தது.

இத்தாலியின் அசிசி நகரில் துணி வணிகர் பியத்ரோ பெர்னார்தோனேயின் மகனாக 1181 அல்லது 1182-இல் பிறந்தவர் பிரான்சிஸ். இளமையில் அவருக்கிருந்த ஆசை வீரப்பெயர் ஈட்டுவதே. 1202-இல் பெருஜியா நகருடன் நடந்த போரில் பிடிபட்டுச் சிறையிலிருந்தார். திரும்பிய பின் அவர் மனம் மாறியதற்குப் பல காரணங்களை வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அவரோ தம் இறுதிக் காலத்தில் உரைத்த சாசனத்தில் ஒன்றையே முதன்மைப்படுத்துகிறார்: குஷ்டரோகிகளைப் பார்ப்பதே தமக்குக் கசப்பாயிருந்தது, இறைவன் தம்மை அவர்களிடையே இட்டுச் சென்றான், அவர்களுக்குப் பணிசெய்தபோது கசப்பு இனிமையாயிற்று என்பது அதன் கருத்து. தந்தை தொடுத்த வழக்கில் ஆயரின் முன்னிலையில் உடுத்த உடையையும் கழற்றித் தந்தையிடமே கொடுத்துவிட்டார்.

1208-இல் பெர்னார்து என்ற செல்வர் அவருடன் சேர விரும்பியபோது, இருவரும் தேவாலயத்துக்குச் சென்று நற்செய்தி நூலை மூன்று முறை திறந்து பார்த்தனர் எனப் பழைய வரலாறுகள் கூறும். உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்ற கட்டளை முதலில் வந்தது. வழிக்கு எதையும் எடுத்துச் செல்லாதே என்பது அடுத்து வந்தது. மூன்றாவதாக வந்தது, சிலுவையைச் சுமந்துவா என்ற அந்த மத்தேயு வசனமே. அவர் பின்னர் தம் சகோதரர்களுக்கு வகுத்த ஒழுங்கின் முதல் அதிகாரத்திலும் அது இடம்பெற்றுள்ளது. கிளெர்மோன்டிலிருந்து புறப்பட்ட படையின் வாயிலிருந்த அதே சொல்லைத்தான் அசிசியின் இந்த ஏழைகளும் உச்சரித்தனர். ஆனால் இவர்கள் கையில் ஆயுதமும் இல்லை, காசும் இல்லை. நாணயத்தைக் கூழாங்கல்லுக்கு மேலாக மதிக்கக்கூடாது என்பது அவ்வொழுங்கின் விதி. பலனை விலைக்கு வாங்கலாம் என்று ரோமாபுரி அறிவித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் இவ்விதி கடைப்பிடிக்கப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது.

இனி திம்யாத்துக்கு வருவோம். எகிப்தை வென்றால் ஜெருசலேம் தானே கைக்கு வரும் என்ற கணக்கில் சிலுவைப் படையினர் 1218 மே மாத இறுதியில் நைல் நதியின் முகத்துவாரத்தில் இறங்கினர். ஆகஸ்டில், நதியின் குறுக்கே இழுத்துக் கட்டிய சங்கிலியைக் காத்துநின்ற கோபுரம் வீழ்ந்தது. சில நாட்களில் சுல்தான் அல்-ஆதில் காலமானார். ஸலாஹுத்தீனின் உடன்பிறந்தாரான அவருக்குப் பின் அவர் மைந்தர் அல்-காமில் எகிப்தின் பொறுப்பை ஏற்றார். 1219-இன் தொடக்கத்தில் சொந்த அமீர்களே அவருக்கு எதிராகச் சதி செய்தனர். அவர் பாசறையைவிட்டு இரவோடிரவாக நீங்கவேண்டியதாயிற்று. டமாஸ்கஸிலிருந்து தம்பி அல்-முஅஸ்ஸம் வந்து சேர்ந்த பின்னரே நிலைமை சீரடைந்தது. அல்-முஅஸ்ஸம் முன்யோசனையாக ஜெருசலேமின் மதில்களை இடிக்கச் செய்திருந்தார். முற்றுகையை விலக்கிக்கொண்டால் ஜெருசலேமைத் தருவதாக அல்-காமில் தூது அனுப்பினார். ஜெருசலேம் அரசர் என்ற பட்டம் தாங்கிய பிரியென் ஜான் ஏற்கலாம் என்றார். போப்பின் பிரதிநிதியாகப் படையுடன் இருந்த கர்தினால் பெலாஜியஸ் மறுத்தார். இருந்தும் நம்மை வியப்பில் ஆழ்த்துவது, எந்த நகருக்காக நேர்ந்துகொண்டார்களோ அந்த நகரே கைக்கு எட்டியபோது அது வேண்டாம் என்று சொல்லப்பட்டதுதான்.

1219 கோடையில் பிரான்சிஸ் இந்தப் பாசறைக்கு வந்து சேர்ந்தார். அவரது வாழ்க்கையை எழுதிய செலானோ தாமஸ், ஒருநாள் போர் தொடங்குமுன் அன்று போரிட்டால் நன்மை விளையாது என்று பிரான்சிஸ் எச்சரித்ததாகவும், வீரர்கள் நகைத்ததாகவும் குறிப்பிடுகிறார். ஆகஸ்ட் 29 அன்று அவர்கள் பெருந்தோல்வி கண்டனர். அதன் பின் பேச்சுவார்த்தைக்காகப் போர் ஓய்ந்திருந்த செப்டம்பர் மாதத்தில், இல்லுமினாத்தோ என்ற சகோதரருடன் அவர் முஸ்லிம் பாசறையை நோக்கிச் சென்றார். காவலர் அவரை முதலில் அடித்ததாகவும், சுல்தானோ மரியாதையுடன் வரவேற்றதாகவும் செலானோ தாமஸ் எழுதியுள்ளார்.

அங்கே என்ன நடந்தது என்பதில் மூலநூல்கள் ஒத்துப்போகவில்லை. அப்போது பாசறையிலேயே இருந்தவர் அக்கா நகரின் ஆயர் ழாக் தெ வித்ரி. பிரான்சிஸ் சில நாட்கள் சுல்தானிடம் பேசினார், சுல்தான் பொறுமையுடன் கேட்டார், இறைவனுக்கு உகந்த மார்க்கத்தைத் தமக்குக் காட்டும்படி பிரார்த்திக்கக் கேட்டுக்கொண்டு பாதுகாப்பாக அனுப்பிவைத்தார் என்று அவர் எழுதுகிறார். வெகுமதிகள் வழங்கப்பட்டன, இவர்கள் ஏற்கவில்லை, உணவு மட்டும் உண்டு திரும்பினர் என்பது மற்றொரு பழைய வரலாற்றின் செய்தி. நெருப்பில் இறங்கிச் சோதித்துப் பார்ப்போம் என்று பிரான்சிஸ் சவால் விடுத்தார், சுல்தானின் அறிஞர்கள் நழுவினர் என்ற கதை 1263 அளவில் பொனவெந்தூரா எழுதிய நூலில் காணப்படுகிறது. அசிசி தேவாலயச் சுவரில் ஓவியமாகத் தீட்டப்பட்டதும் அதுவே. நாற்பதாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னர் எழுந்த இந்த நெருப்பை, நேரில் இருந்த ழாக் தெ வித்ரி காணவில்லை. எனவே அதனைப் பின்னோர் மூட்டிய நெருப்பாகவே நாம் கருதுகிறோம்.

அரபு வரலாற்றாசிரியர்களான இப்னுல் அதீரும் இப்னு வாஸிலும் முற்றுகையை விரிவாக எழுதியுள்ளனர். ஆனால் இந்த ஏழைத் துறவியைப் பற்றி ஒரு சொல்லும் அவர்கள் கூறவில்லை. இரு படைகளுக்கிடையே தூதர்களும் துறவிகளும் வந்துபோவது அவர்களுக்குப் புதுமையன்று. எனினும் அல்-காமிலின் அவையிலிருந்த ஸூஃபி பெரியார் ஃபக்ருத்தீன் அல்-ஃபாரிஸியின் கெய்ரோ அடக்கத்தலம் பற்றிய ஒரு பழைய அரபுக் குறிப்பில், சுல்தானுடன் தொடர்புபட்டு ஒரு ராஹிபின் விஷயத்தில் அவருக்கு நேர்ந்த நிகழ்ச்சி பிரசித்தமானது என்ற செய்தி வருகிறது. அந்த ராஹிப் பிரான்சிஸே என்று பிரெஞ்சு அறிஞர் லூயி மாசிஞோன் கருதினார். இது ஓர் ஊகம், ஆயினும் புறந்தள்ளத்தக்கதன்று. கிறிஸ்தவருள் பாதிரிகளும் பெருமையடிக்காத துறவிகளும் உள்ளனர் என்று அல்-மாயிதா அத்தியாயம் 82-ஆம் வசனம் கூறுவதை ஓதி வளர்ந்த ஒரு சுல்தானுக்கு, கிழிந்த கம்பளி உடுத்தி வந்த ஒருவரை ஒற்றன் என்று எண்ணுவதைவிட ராஹிப் என்று எண்ணுவது எளிதாயிருந்திருக்கும்.

இன்று பலர் பிரான்சிஸை நம் காலத்துச் சமய நல்லிணக்கத் தூதராகவே சித்திரிக்கின்றனர். அது மிகை. சுல்தானை ஞானஸ்நானம் பெறச் செய்யலாம், இயலாவிடில் உயிர்த்தியாகம் எய்தலாம் என்பதே அவர் சென்ற நோக்கமென்று அவரைப் போற்றும் நூல்களே ஒளிவுமறைவின்றிக் கூறுகின்றன. சிலுவைப் போர் தவறு என்று அவர் எங்கும் எழுதி வைக்கவுமில்லை. அவர் மனத்தில் விளைந்த மாற்றத்தை அறிய வேறு சான்று வேண்டும். அது நமக்குக் கிடைத்திருக்கிறது: இத்தாலி திரும்பிய பின் 1221-இல் அவர் வகுத்த ஒழுங்கின் 16-ஆம் அதிகாரம்.

முஸ்லிம்களிடையே செல்ல விரும்பும் சகோதரர்கள் எவ்வாறு வாழவேண்டும் என்பதே அதன் பொருள். இரு வழிகள் கூறப்பட்டுள்ளன. முதல் வழியில், அவர்கள் வாதம் புரியலாகாது, சச்சரவிடலாகாது. இறைவனுக்காக எல்லா மனிதருக்கும் பணிந்து நடந்து, தாம் கிறிஸ்தவர் என்பதை ஒப்புக்கொண்டு வாழவேண்டும். இறைவனுக்கு அது உவப்பானது என்று காணும்போது மார்க்கத்தை எடுத்துரைப்பது இரண்டாம் வழி. உரைப்பது பின்னால் வருகிறது, வாழ்வது முன்னால் வருகிறது. எல்லா மனிதருக்கும் எனும்போது அங்கே முஸ்லிம்களும் அடங்குவர் என்பது வெளிப்படை. முஸ்லிம்களைத் தனி உடையால் பிரித்து வைக்கச் சங்கம் ஆணையிட்டு ஆறாண்டுகளே கழிந்திருந்த வேளையில், அவர்களுக்குப் பணிந்து வாழுங்கள் என்று ஒருவர் தம் சீடருக்கு எழுதுகிறார். சிலுவையைச் சுமத்தல் என்பதற்கு அவர் கண்ட பொருள் இதுவே.

இந்த விதி ஏன் இத்துணைக் கவனமாக எழுதப்பட்டது என்பதற்கு மற்றொரு நிகழ்ச்சியையும் நோக்கவேண்டும். பிரான்சிஸ் திம்யாத்துக்கு வந்த அதே காலத்தில் அவருடைய சகோதரர்கள் ஐவர் முவஹ்ஹிதீன்களின் ஆட்சியிலிருந்த செவில்லாவுக்கும் பின்னர் மராகிஷுக்கும் சென்றனர். பொது இடங்களில் நின்று நபி (ஸல்) அவர்களைப் பழித்துப் பேசினர். வெளியேற்றப்பட்ட பின்னரும் திரும்பத் திரும்ப வந்தனர். 1220 ஜனவரி 16 அன்று கொல்லப்பட்டனர். மரணம் உறுதி என்று தெரிந்தே அதனைத் தேடிப் போனவர்கள் அவர்கள். உயிரைக் கொடுத்து ஈடேற்றத்தை வாங்கும் இந்த அவசரம், பணம் கொடுத்து வாங்கும் அவசரத்துக்கு மிகத் தொலைவில் இல்லை என்று நமக்குத் தோன்றுகிறது. ழாக் தெ வித்ரியும் இங்கு ஓர் உண்மையைப் பதிவுசெய்துள்ளார். இத்துறவிகள் ஈசா (அலை) அவர்களைப் பற்றியும் நற்செய்தியைப் பற்றியும் பேசும் வரை முஸ்லிம்கள் விருப்புடன் செவிமடுத்தனர், நபியவர்களைத் தூற்றத் தொடங்கியபோதே அடித்துத் துரத்தினர் என்கிறார் அந்த ஆயர். சிலுவைப் போரை ஆதரித்தவரின் வாக்குமூலம் ஆதலின் இதற்கு மதிப்பு அதிகம்.

திம்யாத் 1219 நவம்பர் 5 அன்று, ஷஅபான் மாதத்தில், வீழ்ந்தது. உள்ளே நுழைந்தவர்கள் கண்டது பசியாலும் நோயாலும் மடிந்த மக்களின் உடல்களையே. அநாதையாய் நின்ற குழந்தைகளை ழாக் தெ வித்ரி சேர்த்து ஞானஸ்நானம் கொடுத்தார். அவர்களிற் பலர் சில நாட்களில் இறந்தனர். அவர்கள் மீட்படைந்தனர் என்று அவர் ஆறுதல் கொண்டார். அக்குழந்தைகளின் பெற்றோர் எவ்வாறு மாண்டனர் என்பதை அவர் அறியாதவரல்லர்.

1221 கோடையில் படை கெய்ரோவை நோக்கி முன்னேறியது. நைல் பெருகும் பருவம் அது. அல்-காமில் மதகுகளைத் திறக்கச் செய்தார். சேற்றிலும் வெள்ளத்திலும் சிக்கிய படை ஆகஸ்ட் இறுதியில் சரணடைந்தது. தம் நாட்டை மூன்றாண்டுகள் சூறையாடிய அப்படைக்கு அல்-காமில் உணவளித்தார். படையிலிருந்த ஜெர்மானியக் குரு ஆலிவர் பின்னர் அவருக்கு எழுதிய கடிதத்தில், எவருடைய பெற்றோரையும் பிள்ளைகளையும் தாங்கள் கொன்றோமோ அவர்களே பசித்திருந்த தங்களுக்கு உணவூட்டியதை நினைந்து உருகுகிறார். பகைவனுக்கு அன்பு செய்வது சீடனின் கடமை என்று கற்று வந்தவர், அதனைச் செய்யக் கண்டது இங்கேதான்.

பிரான்சிஸ் திரும்பிய பின் ஆட்சியாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், நாள்தோறும் மாலையில் ஓர் அறிவிப்பாளர் மூலமோ வேறு அடையாளத்தாலோ மக்கள் அனைவரும் இறைவனைப் புகழ அழைக்கப்படவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எகிப்தில் ஐவேளையும் அவர் செவியுற்ற பாங்கோசையின் சுவடு இது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 1224-இல் அவர் தம் கையால் எழுதி லியோ சகோதரருக்குக் கொடுத்த தோல் ஏடு இன்றும் அசிசியில் உள்ளது. இறைவனை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகத் திருநாமங்களை அடுக்கும் அந்த ஏட்டைக் காணும் முஸ்லிமுக்கு அஸ்மாஉல் ஹுஸ்னா நினைவுக்கு வராமலிராது. அது தற்செயலா, தாக்கமா என்பதை நாம் அறுதியிட முனையவில்லை.

1223 நவம்பர் 29 அன்று போப் மூன்றாம் ஹொனோரியஸ் இறுதி ஒழுங்குக்கு முத்திரையிட்டார். 16-ஆம் அதிகாரம் அதில் இல்லை. முஸ்லிம்களிடையே செல்ல விரும்புவோர் தலைவரின் அனுமதி பெறவேண்டும், தகுதியற்றோரை அனுப்பலாகாது என்ற அளவில் அது சுருக்கப்பட்டுவிட்டது. வாதம் புரியலாகாது என்பதும் பணிந்து வாழ்வது என்பதும் சட்டமாகவில்லை. பிரான்சிஸ் 1226 அக்டோபர் 3 அன்று காலமானார். அவருடைய நெருங்கிய ஆதரவாளராயிருந்த கர்தினால் ஹுகோலினோ ஒன்பதாம் கிரிகோரி என்ற பெயரில் போப்பாகி, 1228-இல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

அதே கிரிகோரி, சிலுவைப் பயணத்தைத் தாமதித்த குற்றத்துக்காக இரண்டாம் ஃபிரெடெரிக் பேரரசரைத் திருச்சபையிலிருந்து விலக்கி வைத்திருந்தார். அவ்வாறு விலக்கப்பட்டவராகவே கிழக்கே வந்த ஃபிரெடெரிக், 1229 பிப்ரவரியில் அல்-காமிலுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் ஜெருசலேமை ஒரு துளி இரத்தமின்றிப் பெற்றார். ஹரம் ஷரீஃப் முஸ்லிம்களின் பொறுப்பிலேயே இருந்தது. அல்-காமிலுக்கும் புகழ் கிட்டவில்லை. டமாஸ்கஸில் ஸிப்த் இப்னுல் ஜவ்ஸி நிகழ்த்திய உரையைக் கேட்டு மக்கள் கதறியழுதனர்.

1234-இல் கிரிகோரி மீண்டும் ஒரு சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்தார். ஊர் ஊராகச் சென்று அதனைப் பிரசங்கிக்கும் பணி பிரான்சிஸின் சகோதரர்களிடமும் தோமினிக்கின் சபையாரிடமும் ஒப்படைக்கப்பட்டது. இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவியும் வரலாற்றாசிரியருமான மத்தேயு பாரிஸ் இவர்கள் பிரசங்கித்த விதத்தைக் கசப்புடன் விவரித்துள்ளார். முதியவருக்கும் நோயாளிகளுக்கும் பெண்களுக்கும்கூடச் சிலுவையை அணிவித்தனர். பின்னர் பணம் பெற்றுக்கொண்டு அந்த நேர்ச்சையிலிருந்து அவர்களை விடுவித்தனர்.